போகியில் எரிந்ததும் எருவானதும்



மார்கழி கடைசி வாரம் வந்தால் கிராமத்து வீடு தலைகீழாகிவிடும். பரண்மேல் கிடந்த சாமான் திண்ணைக்கு வரும். பானை சட்டி முற்றத்துக்கு வரும். பாயும் தலையணையும் வேலியில் காயும். ஒட்டடைக் கோலோடு ஒருவர், சுண்ணாம்புச் சட்டியோடு ஒருவர், நடுவிலே போகி மேளத்தைத் தட்டிக்கொண்டு பிள்ளைகள். இந்த வேலைக்கு ஒரு சரித்திரம் உண்டு. வருஷத்தில் இத்தனை நாள் இருக்க இந்த நாளை ஏன் பிடித்தார்கள், வீட்டிலிருந்து கழித்த பொருள் அந்தக் காலத்தில் எங்கே போயிற்று, இப்போது எங்கே போகிறது என்பதை இன்றைக்குக் கொஞ்சம் விவரமாகப் பார்க்கலாம்.

பேசுவதற்கு ஒரு ஊர் வேண்டுமே. திருமுடிவாக்கத்தை எடுத்துக்கொள்வோம். குன்றத்தூருக்குத் தெற்கே, திருநீர்மலைக்கு மேற்கே, அடையாற்றுப் பக்கம் இருக்கிற ஊர். சேக்கிழார் பிறந்த குன்றத்தூர் என்றால் எல்லோருக்கும் தெரியும். வடமேற்கே செம்பரம்பாக்கம் ஏரி. பழைய செங்கல்பட்டு ஜில்லாவை ஏரி ஜில்லா என்றே சொல்வது வழக்கம். சொர்ணவாரி, சம்பா, நவரை என்று பட்டத்துக்குப் பேர் வைத்துப் பயிர் செய்த சீமை. இன்றைக்குத் திருமுடிவாக்கத்தில் சிட்கோ தொழிற்பேட்டை இருக்கிறது, வண்டலூரிலிருந்து மீஞ்சூர் போகிற வெளிவட்டச் சாலை பக்கத்தில் ஓடுகிறது, மீனம்பாக்கம் விமான நிலையம் கிட்டத்தில் இருக்கிறது. வயலும் பட்டறையும் அடுத்தடுத்து இருக்கிற ஊர் என்பதால்தான் இதை எடுத்தேன். போகியின் பழைய முகம், புது முகம் இரண்டையும் இங்கே பார்க்கலாம்.

முதலில் நாள் விஷயம். வடக்கே கங்கைச் சமவெளியில் வீட்டுக்கு வெள்ளையடிப்பது தீபாவளிக்கு. கேரளத்தில் ஓணத்துக்கு முன்னாலே வீடு வாசல் சுத்தமாகிவிடும். நமக்கு மட்டும் ஏன் பொங்கல்? சாமி வேறே, சம்பிரதாயம் வேறே என்று சொல்லிவிடலாம். ஆனால் காரணம் வானத்தில் இருக்கிறது. வடக்கே தென்மேற்குப் பருவமழை செப்டம்பரோடு ஓய்ந்துபோகும். தீபாவளி வரும்போது சுவர் காய்ந்திருக்கும். கேரளத்தில் பெருமழை தணிந்து வெயில் எட்டிப் பார்க்கிற மாசம் சிங்க மாசம், அதாவது நம்ம ஆவணி. அப்போது ஓணம். நம்ம கதை நேர்மாறு. தீபாவளி சமயத்தில்தான் நமக்கு வடகிழக்குப் பருவமழை பிடிக்கிறது. ஐப்பசி, கார்த்திகை அடைமழை. சென்னை வட்டாரத்தில் வருஷத்து மழையில் பாதிக்கு மேல் இந்த இரண்டு மூன்று மாசத்தில்தான் கொட்டுகிறது. அப்போது சுண்ணாம்பு அடித்தால் சுவரில் நிற்குமா? மண் சுவர் ஊறிக் கிடக்கும், கூரை சொட்டும், தாழ்வாரத்தில் பாசி பிடிக்கும், பெட்டிக்குள் துணியில் பூஞ்சணம் பூக்கும். மார்கழியில்தான் மழை விட்டுச் சுவர் உலர ஆரம்பிக்கும். ஆக, மூன்று சீமையிலும் மழை முடிந்த கையோடு வீட்டைச் சரிபண்ணுகிற வேலைதான் நடக்கிறது. மழை முடிகிற மாசம் வேறே, அதனால் பண்டிகையும் வேறே.

பனி நாடுகளில் மழைக்குப் பதிலாகக் குளிர். ஐரோப்பாவில் குளிர்காலம் முழுக்கக் கதவை அடைத்துக்கொண்டு, உள்ளே விறகும் நிலக்கரியும் எரித்துக் காலம் தள்ளுவார்கள். வசந்தம் வந்ததும் கதவைத் திறந்தால் சுவரெல்லாம் கரி. அப்போது ஒரு பெரிய துப்புரவு. ஈரானில் வசந்தம் பிறக்கிற மார்ச் 20, 21 தேதிவாக்கில் புது வருஷம். அதற்கு முந்தின வாரங்களில் வீட்டையே கழுவி எடுத்துவிடுவார்கள். அந்த வேலைக்கு அவர்கள் பாஷையில் வைத்திருக்கிற பேருக்கு ‘வீட்டை உலுக்குதல்’ என்று அர்த்தம். நல்ல பேர்!

நமக்கும் வசந்தம் உண்டு. இளவேனில் என்று சித்திரை, வைகாசியைச் சொல்லுகிறோம். அப்போது வெள்ளையடித்தால் என்ன என்று கேட்கலாம். அனுபவஸ்தர்கள் அடிக்க மாட்டார்கள். சுண்ணாம்பு மெதுவாக உலர வேண்டிய சரக்கு. கொளுத்துகிற வெயிலில் அடித்தால் ஈரம் படீரென்று போய்விடும், சுவரைத் தொட்டால் கையெல்லாம் மாவு. மார்கழி, தை மாசத்தில் காலையில் பனி, பகலில் இளம் வெயில். சுண்ணாம்புக்கு இதைவிட நல்ல பருவம் கிடையாது.

இந்தப் பழக்கத்துக்கு வயசு என்ன? போகி என்பது இந்திரனுக்கு ஒரு பேர். இந்திரனுக்கு விழா எடுத்த சங்கதி மணிமேகலைக் காப்பியத்தின் முதல் காதையிலேயே வருகிறது. காவிரிப்பூம்பட்டினத்தில் 28 நாள் திருவிழா. முரசு அறைகிறவன் யானைமேல் இருந்துகொண்டு ஊராருக்குச் சேதி சொல்கிறான். தெருவில் கிடக்கிற பழைய மணலை அப்புறப்படுத்திப் புது மணல் போடச் சொல்கிறான். கமுகும் வாழையும் கரும்பும் கட்டச் சொல்கிறான். அந்த விழா இளவேனிலில் நடந்தது, நம்ம போகி முன்பனியில் வருகிறது. அதுவே இதுவாக மாறியது என்று நான் அடித்துச் சொல்லமாட்டேன். ஆனால் விசேஷத்துக்கு முன்னால் பழசைக் கழித்துப் புதுசு போடுகிற முறை அந்தக் காலத்திலேயே இருந்தது என்பதற்கு இது கையெழுத்துப் போட்ட சாட்சி. இன்னொன்றும் கவனிக்கணும். அந்த முரசு அறிவிப்பில் தெருவுக்கு மணல் போடச் சொல்கிறானே தவிர, பழசைக் கொளுத்தச் சொல்லவில்லை.

போகி என்றதும் பழசு போகணும், புதுசு வரணும் என்கிற வாசகத்தை மேடையில் எல்லோரும் சொல்லுவார்கள். அது நன்னூல் என்கிற இலக்கண நூலில் பவணந்தி முனிவர் சொன்னது. அவர் சொன்னது சொற்களைப் பற்றி. பழைய சொல் வழக்கொழிவதும் புதுச்சொல் வந்து சேர்வதும் குற்றமில்லை என்றார். பாட்டன் காலத்துப் பெட்டியைத் தீயில் போடுங்கள் என்று அவர் எங்கும் சொல்லவில்லை, பாவம்.

இப்போது சுண்ணாம்புக்கு வருவோம். இந்த வட்டாரத்து வெள்ளைக்கு மூலம் கடல். பழவேற்காடு ஏரி, எண்ணூர்க் கழி, முட்டுக்காடு போன்ற உப்பங்கழிகளில் அள்ளி எடுத்த கிளிஞ்சலைக் காளவாயில் போட்டுச் சுடுவார்கள். சுட்ட கிளிஞ்சலில் தண்ணி விட்டால் கொதித்துப் பொரிந்து மாவாகும். இதுதான் நீற்றின சுண்ணாம்பு. 1876ஆம் வருஷம் தொடங்கிய தாது வருஷப் பஞ்சத்தில் நிவாரண வேலையாகக் கூவத்தையும் அடையாற்றையும் இணைத்து ஒரு துண்டு வெட்டினார்களே, அதற்குப் பின் வடக்கே பழவேற்காட்டுப் பக்கமிருந்து பக்கிங்ஹாம் கால்வாய் வழியாகக் கிளிஞ்சலும் விறகும் உப்பும் படகு படகாகப் பட்டணத்துக்கு வந்தன. அந்தப் படகுகள் 20ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் நின்றுபோயின. மேடவாக்கம் போகிற பக்கத்தில் சுண்ணாம்பு கொளத்தூர் என்று ஒரு ஊரே இருக்கிறது, பேரிலேயே சரக்கைச் சுமந்துகொண்டு.

அந்தக் கிளிஞ்சல் சுண்ணாம்பைப் பார்த்து வெள்ளைக்காரர்கள் மலைத்துப்போனார்கள். சென்னைச் சுண்ணாம்புக் காரை என்று அதற்கு 18ஆம் நூற்றாண்டிலேயே தேசாந்திரங்களில் பேர். நைசாக அரைத்த சுண்ணாம்போடு வெல்லத் தண்ணி, முட்டை வெள்ளைக்கரு, தயிர் என்று பலதும் சேர்த்துப் பல தடவை பூசி, கூழாங்கல்லால் தேய்த்துத் தேய்த்து மெருகு ஏற்றினால் பளிங்கு மாதிரி மின்னும். அது துரைமார் மாளிகைக்கு. குடியானவன் வீட்டுக்கு அந்த ஆடம்பரம் ஏது? நீற்றின சுண்ணாம்பைத் துணியில் வடிகட்டி, பிடிமானத்துக்குக் கொஞ்சம் கஞ்சித் தண்ணி, ஒரு கை உப்பு, வெண்மைக்கு ஒரு துளி நீலம் சேர்ப்பார்கள். தென்னமட்டையை நுனி நசுக்கி அதுவே பிரஷ். அடிச்சுவரில் செம்மண் பட்டை, தரையில் சாணி மெழுக்கு, வாசலில் கோலம். செலவு என்று பார்த்தால் சுண்ணாம்புக்கு மட்டும்தான்.

ஆனால் இந்த ஏழைச் சுண்ணாம்பு செய்கிற வேலையைப் பாருங்க. நீற்றின சுண்ணாம்பு கடுமையான காரம். புழு, பூஞ்சணம், கிருமி அதில் பிழைப்பது கஷ்டம். சுவரில் ஏறியபின் காற்றில் உள்ள கரியமில வாயுவைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக்கொண்டு மறுபடி கல்லாகவே மாறிவிடுகிறது. கடலில் கிளிஞ்சலாக இருந்தது, தீயில் மாவாகி, சுவரில் திரும்பவும் கிளிஞ்சல் மாதிரியே இறுகிப்போகிறது. சுவருக்குள் இருக்கிற ஈரம் வெளியே போகவும் அது வழிவிடும். மண் சுவருக்கும் பழைய சுண்ணாம்புக் காரைச் சுவருக்கும் மேலே பளபளப்பான எண்ணெய்ப் பெயிண்ட் அடித்தவர்கள் இரண்டு மழைக்குள் அது கொப்பளம் கொப்பளமாக உரிவதைப் பார்த்திருப்பார்கள். ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே நின்று பெயிண்டைத் தள்ளுகிறது. அந்தச் சுவருக்குச் சுண்ணாம்புதான் சரி. ஒரு எச்சரிக்கை மட்டும். நீற்றும்போது குழந்தைகளைக் கிட்ட விடாதீங்க. கண்ணில் தெறித்தால் உடனே நல்ல தண்ணியால் நெடுநேரம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடணும். பார்வையே போய்விடும்.

சர்க்காரும் சுண்ணாம்பை நம்பியது உண்டு. 1896இல் பம்பாயில் பிளேக் வந்தபோது வீடு வீடாகப் புகுந்து மருந்து தெளித்துச் சுண்ணாம்பு அடித்தார்கள். அந்த வேலையில் நடந்த அத்துமீறல்களால் ஜனங்கள் கொதித்தது தனிக் கதை. பின்னால் 1953இல் மலேரியாவை ஒடுக்க தேசியத் திட்டம் வந்தபோது நிலைமை தலைகீழ். வீட்டுச் சுவரில் டி.டி.டி. தெளித்துவிட்டுப் போவார்கள். சுவரில் வந்து உட்காரும் கொசு மருந்து பட்டுச் சாகணும். நம்ம ஜனங்களோ அந்தக் கறையைப் பார்க்கச் சகிக்காமல் மேலேயே சாணியோ சுண்ணாம்போ பூசிவிடுவார்கள். மருந்து அடியில், சுண்ணாம்பு மேலே, கொசு சௌக்கியமாக. கொஞ்ச காலம் சுவரைத் தொடாதீங்க என்று சுகாதார ஊழியர்கள் கெஞ்ச வேண்டியிருந்தது.

வெள்ளையடிப்பு கண்ணுக்கு அழகு என்பதைவிட நெல்லுக்குக் காவல் என்பதே எனக்குப் பெரிசாகத் தோன்றுகிறது. தையில் சம்பா அறுப்பு. வீட்டுக்குள் வருஷத்துச் சாப்பாடு வரப்போகிறது. அதை எங்கே கொட்டுவது? மண் குதிரிலும் தொம்பையிலும் பத்தாயத்திலும். அவற்றின் அடியிலும் வெடிப்பிலும் போன வருஷத்து நெல் நாலு மணி ஒட்டிக்கொண்டிருக்கும். அதில் வண்டு, அந்துப்பூச்சி முட்டை. அரிசி வண்டு முட்டையிலிருந்து முழு வண்டாக வளர நல்ல வெப்பத்தில் ஒரு மாசம், ஒன்றரை மாசம் போதும். புது நெல்லைக் கழுவாத குதிரில் கொட்டினால் அதன் வீட்டுக்கு நாமே விருந்து அனுப்பிவைத்த மாதிரி. ஆகவேதான் பெரியவர்கள் நெல் வருவதற்கு முன்னாலே குதிரைக் காலிசெய்து, கூட்டி, வெயில் காட்டி, வெடிப்பைக் களிமண்ணும் சாணியும் குழைத்து அடைத்து, நெல் வைக்கிற அறைச் சுவரில் பொந்து பார்த்துச் சுண்ணாம்பு அடித்தார்கள். போகிக்கு மறுநாள் பொங்கல், புதுப்பானை, புது அரிசி. வரிசையைக் கவனிங்க. அறையைச் சுத்தம் செய்த பிறகுதான் தானியம் உள்ளே வருகிறது.

இன்றைக்கு மண் குதிர் அருமையாகப் போய்விட்டது. சாக்கு மூட்டைதான். ஆனாலும் முறை அதேதான். பழைய சாக்கை உதறி வெயிலில் காயப்போடுங்க. மூட்டையைச் சுவரை ஒட்டி வைக்காமல் ஒரு முழம் தள்ளி, தரைக்கு மேலே பலகை போட்டு அடுக்குங்க. நெல்லில் ஈரம் 12, 13 சதம் வரைக்கும் காய்ந்தபின் மூட்டை பிடிங்க. ஈரம் கூடினால் எந்தச் சுண்ணாம்பும் காப்பாற்றாது.

சரி, இத்தனை சுத்தம் செய்தால் கழிசல் வருமே, அது எங்கே போயிற்று? இங்கேதான் நான் சொல்ல வந்த முக்கியமான சங்கதி.

பழைய வீட்டிலிருந்து என்னவெல்லாம் கழியும்? பெரிய பங்கு கூரை. பனையோலை, தென்னங்கீற்று, விழல், வைக்கோல். தென்னங்கீற்று ஒன்றிரண்டு மழையில் மக்கிப்போகும். அதைப் பிரித்துப் புதுசு வேய்வதும் மழைக்குப் பிந்தின இந்தப் பருவத்தில்தான். அடுத்தது கிழிந்த பாய், பிய்ந்த முறம், துடைப்பம், கூடை, உடைந்த பானை, கந்தல் துணி, அடுப்புச் சாம்பல், ஒட்டடை, கரி. இதில் உடைந்த பானையைத் தவிர எல்லாம் மண்ணிலே விளைந்து வந்தவை. பானையும் மண்தான், வைத்துக்கொள்ளுங்க. விறகுக்கும் வரட்டிக்கும் அலைந்த காலத்தில் நல்ல ஓலையை யாரும் வீணாகக் கொளுத்தமாட்டார்கள். எரிகிறது அடுப்புக்குப் போகும், மக்குகிறது எருக்குழிக்குப் போகும். அடுப்புப் புகை வருஷம் முழுக்கப் படிந்த பழைய கூரைக் கீற்றைத் தென்னை மரத்துப் பாத்தியில் போடுவது இன்றைக்கும் தெரிந்தவர்கள் செய்கிற காரியம். விடியற்காலைத் தீயில் போனது கொஞ்சம் கந்தல், கொஞ்சம் பாய், கொஞ்சம் துடைப்பம். குளிருக்கு இதமாகப் பிள்ளைகள் சுற்றி நின்று மேளம் தட்டினால் சீக்கிரமே அணைந்துபோகிற தீ. ஊர் வீட்டிலிருந்து கழித்ததில் தீக்குப் போனது சில்லறை. முதல் எருக்குழிக்குத்தான் போயிற்று.

கணக்கிட்டுப் பார்த்தால் தெரியும். ஒரு டன் நெல் வைக்கோலில் தழைச்சத்து 5 முதல் 8 கிலோ இருக்கும். சாம்பல்சத்து 12 முதல் 20 கிலோ. அந்தத் தழைச்சத்தைக் குறைந்த அளவிலேயே வைத்துப் பார்த்தாலும் 11 கிலோ யூரியாவுக்குச் சமம். வைக்கோலைக் கொளுத்தினால் தழைச்சத்து ஏறக்குறைய முழுக்கக் காற்றோடு போகும். சாம்பல்சத்து சாம்பலில் தங்கும், ஆனால் கொளுத்தின இடத்திலேயே குவிந்து கிடந்து அடுத்த மழையில் கரைந்து ஓடும். மண்ணை மிருதுவாக்குகிற மக்குப் பொருள் சுத்தமாக இல்லாமல் போகும். ஓலைக்கும் கீற்றுக்கும் அளவு வேறுபடும், விஷயம் இதேதான்.

தீயில் போகக்கூடாத இன்னொன்று உண்டு. அது காகிதமும் ஓலையும். உ.வே. சாமிநாதையர் ஏட்டுச்சுவடி தேடி ஊர் ஊராக அலைந்ததை ‘என் சரித்திரம்’ என்று எழுதியிருக்கிறார். திருநெல்வேலிச் சீமையில் கரிவலம்வந்தநல்லூர்க் கோவிலில் பழைய சுவடிகள் இருந்ததாகக் கேள்விப்பட்டுப் போனால், அவை ஹோமத் தீயில் போடப்பட்டுவிட்டன என்று சேதி. வேறு இடங்களில் ஆடிப்பெருக்கில் ஆற்றோடு விட்டார்கள். பழசு தொலைகிறது என்று நல்லெண்ணத்தோடு செய்ததுதான். போனது போனதுதான்.

நமக்கு அதிலே என்ன என்று நினைக்காதீங்க. உங்கள் பரண்மேல் இருக்கிற தகரப்பெட்டியில் பாட்டன் காலத்துப் பத்திரம், பழைய பட்டா, கிஸ்து கட்டின ரசீது இருக்கும். செல்லரித்திருக்கும், எழுத்து மங்கியிருக்கும். தமிழ்நாட்டில் 1979 முதல் 1987 வரை நில உடைமை மேம்பாட்டுத் திட்டம் நடந்தது. யு.டி.ஆர். என்றால் எல்லோருக்கும் புரியும். அப்போது பழைய கணக்கைப் புதுக் கணக்காக மாற்றி எழுதினார்கள். பல இடங்களில் பேர் மாறி, அளவு மாறி, உட்பிரிவு மாறி ஏறியிருக்கிறது. இன்றைக்கும் அதைத் திருத்தக் கேட்டு மனுப்போட்டால் அதிகாரி முதலில் கேட்பது அந்தத் திட்டத்துக்கு முந்தின ஆவணத்தை. திருமுடிவாக்கம் மாதிரி, ஏர் ஓட்டின நிலம் சதுர அடிக் கணக்கில் விலைபேசப்படுகிற ஊரில் ஒரு கிஸ்து ரசீதுக்கு என்ன மதிப்பு என்று நான் சொல்ல வேண்டியதில்லை. போகிக்குப் பெட்டியைக் காலிசெய்கிறபோது எழுத்துத் தெரிந்த ஒருத்தர் கூட இருந்து ஒவ்வொரு தாளையும் பார்க்கட்டும். வேப்பிலை போட்டு, ஈரம்படாத இடத்தில் திரும்ப வையுங்க.

இனி இப்போதைய போகிக்கு வருவோம். வீடு மாறிவிட்டது. கூரை போய்த் தளம் வந்தது, பாய் போய் ரப்பர் மெத்தை வந்தது, முறமும் கூடையும் பிளாஸ்டிக் ஆயின. திண்ணையோரம் சைக்கிள் டயர், மோட்டார் சைக்கிள் டயர். கழிசல் வேறாகிவிட்டது, ஆனால் தீ மட்டும் பழைய சம்பிரதாயம் என்று நிற்கிறது. அடுப்புக்கும் எருக்குழிக்கும் ஆகாத சரக்கு என்பதால் மொத்தமும் தீக்கே வருகிறது. டயர் எரிந்தால் கந்தகப் புகை, கரிப்புகை. பி.வி.சி. குழாயும் ஒயரும் எரிந்தால் காரமான அமில வாயு, கூடவே டயாக்சின் என்கிற கொடிய விஷம். இந்த டயாக்சின் மண்ணிலும் புல்லிலும் படிந்து, மாடு தின்று, பாலில் கொழுப்போடு வந்து சேரும். மாட்டுப் பொங்கலுக்கு இரண்டு நாள் முன்னால் மாட்டுக்கு நாம் செய்கிற மரியாதை இது.

அதோடு, நாள் நமக்கு விரோதம். சுண்ணாம்புக்கு ஒத்துவந்த அதே பனிக்காலம் புகைக்கு ஒத்துவராது. மார்கழி விடியலில் தரை குளிர்ந்து கிடக்கும், தரையை ஒட்டின காற்றும் குளிர்ந்து கனத்து அசையாமல் நிற்கும். மேலே வெதுவெதுப்பான காற்று மூடி போட்ட மாதிரி. புகை மேலே ஏற வழியில்லை. பனியோடு கலந்து ஊர்மேலேயே கவிந்துகொள்ளும். ஆஸ்துமாக்காரர்கள், கைக்குழந்தைகள் வீட்டில் இருந்தால் அந்தக் காலைப்பொழுது என்ன பாடு என்று தெரியும். 2018 ஜனவரி 13ஆம் தேதி போகியன்று சென்னை விமான நிலையத்தில் ஓடுபாதையே தெரியாமல் விமானங்கள் ரத்தாயின, தாமதமாயின, வந்தவை பெங்களூர், ஹைதராபாத் என்று வேறு ஊருக்குத் திருப்பிவிடப்பட்டன. ஆகாய விமானத்தை நிறுத்துகிற அளவுக்குப் புகை என்றால், பக்கத்துக் கிராமத்தில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தையின் மார்பில் எவ்வளவு போயிருக்கும்? 2023இல் சென்னை மாநகராட்சி பழைய டயர், துணி, பிளாஸ்டிக்கைப் போகிக்கு முன்னாலேயே தனியாக ஒப்படைக்கச் சொல்லி வாங்கிக்கொண்டது. நல்ல காரியம். உங்கள் ஊராட்சியில் தூய்மைக் காவலரிடம் கேட்டு அப்படி ஒரு நாள் வைத்துக்கொள்ளலாம்.

இந்தப் பக்கத்தில் ஒரு வருஷம் மட்டும் போகிக்கு வேலையே மிச்சமில்லாமல் வெள்ளம் செய்துவிட்டுப் போயிற்று. 2015 டிசம்பர் 2ஆம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை, செம்பரம்பாக்கத்தில் 47. ஏரியைத் திறந்தார்கள், அடையாறு கரை மீறியது. முடிச்சூர், வரதராஜபுரம், அனகாபுத்தூர்ப் பக்கமெல்லாம் வீட்டுக்குள் தண்ணி. மெத்தை, பீரோ, புத்தகம், பத்திரம் எல்லாம் சேறாகித் தெருவில் குவிந்தன. அடுத்த போகி 2016 ஜனவரி 14ஆம் தேதி, ஆறே வாரம் கழித்து. வெள்ளம் நின்ற வீட்டுக்கு அவசரப்பட்டுப் பெயிண்ட் அடிக்கக் கூடாது. சேற்றைக் கழுவி, கதவு ஜன்னலைத் திறந்து வைத்து, சுவர் உள்வரைக்கும் உலரட்டும். அதன்பிறகு மெல்லிய சுண்ணாம்பு இரண்டு மூன்று கை. மழைச் சேதத்துக்கு நம்ம பாட்டன்மார் வைத்திருந்த வைத்தியம் அதே வரிசைதான்.

இந்த வருஷம் வீட்டைக் கழிக்கும்போது மூன்று குவியலாகப் போடுங்க. டயர், பிளாஸ்டிக், ஒயர், மெத்தை ஒரு குவியல். அது பழைய இரும்புக் கடைக்கோ ஊராட்சி வண்டிக்கோ போகட்டும். காகிதம், பத்திரம் ஒரு குவியல். அது திரும்ப வீட்டுக்குள். ஓலை, கீற்று, வைக்கோல், நாரினால் ஆன கூடை, பருத்திக் கந்தல், வேப்பங்குச்சி, மாவிலை எல்லாம் மூன்றாவது குவியல். சம்பிரதாயத்துக்கு அதிலிருந்து ஒரு கை எடுத்து வாசலில் கொளுத்திக்கொள்ளுங்க, பிள்ளைகள் மேளம் தட்டட்டும். மிச்சத்தைக் குழிக்குக் கொண்டுபோங்க. ஓலையைக் கையளவுத் துண்டாக நறுக்கி, அரையடி உயரத்துக்குப் பரப்பி, மேலே சாணிக் கரைசல் தெளித்து, கொஞ்சம் மண் தூவி, மறுபடி ஓலை என்று அடுக்கிக்கொண்டே வாங்க. சுண்ணாம்புச் சட்டி கழுவின தண்ணியை மட்டும் அதில் கொட்டவேண்டாம், சாணியில் உள்ள தழைச்சத்து ஆவியாகிவிடும். மேலே சேறு பூசி மூடி, ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ளுங்க. மாசி கடைசியில் ஒரு தடவையும் சித்திரையில் ஒரு தடவையும் புரட்டிவிட்டால், தையில் மூடின குழி ஆடி பிறக்கும்போது சம்பா நாற்றங்காலுக்குப் போட எருவாக இருக்கும்.